மீனுக்கு அரைப் பேர்

கொழும்பில் என் மகள் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் கடலை வளர்க்கிறார். பவளப்பாறை, பூப்போல விரியும் கடற்பிராணிகள், மஞ்சளும் நீலமுமாய் மீன்கள், எல்லாம் உண்டு. அவற்றுக்குத் தண்ணீர் அசைந்துகொண்டே இருக்கவேண்டுமென்று தொட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் மின்சாரப் பம்புகள் வைத்திருக்கிறார். அந்த அறைக்குள் நுழைந்தால் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் நிற்பது போல ஓர் இரைச்சல். சத்தமில்லாமல் தண்ணீரை ஓட்ட வழியே இல்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். உண்டு என்றேன். கந்தப்பளைக்கு மேலே, தை மாதத்தில் புல்லில் பனி உறையும் உயரத்தில், பம்பு இல்லாமல் பவளத் தொட்டி ஒன்றைப் பல வருடம் ஓட்டியவன் நான் என்றும் சொன்னேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார். மகள் பேச்சை மாற்றினாள்.

ஊருக்குத் திரும்பி, தொழிற்சாலையில் இப்போது வேலை பார்க்கும் இளைய உத்தியோகத்தர்களிடம் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். ஆனால், அதை அப்படியே எழுதித் தாருங்கள் என்றார்கள். தேயிலை பற்றி எழுதச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வாழ்நாள் முழுவதும் தேயிலை அரைத்தவனை மீனைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். சரி, எழுதுகிறேன்.

நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அப்பா தேயிலைச் செடிக் கிளைகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து பறிப்பவர். எங்கள் குடும்பத்தில் எழுத்து என்பதை முதலில் பிடித்தவன் நான்தான். ஹட்டனில் தங்கிப் படித்து, பரீட்சை தேறி, காற்சட்டை போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தபோது, தோட்டத்துத் தொழிற்சாலையின் எஞ்சின் அறையில் உதவியாளனாக எடுத்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுப்பது, வாட்டுவது, அரைப்பது, காய வைப்பது என்று எல்லாவற்றையும் சுற்றிக் காட்டி, கடைசியில் தண்ணீர்ச் சக்கரத்துக்கும் டீசல் எஞ்சினுக்கும் என்னைக் காவல் வைத்தார்கள். எண்ணெய் போடுவதைக்கூட ஒரு விஞ்ஞானம் என்று நினைத்துப் போடுவேன். அவ்வளவு அக்கறை. லயத்து ஆட்கள் என்னை 'எஞ்சின் ஐயா' என்று கூப்பிட்டார்கள். அம்மா மட்டும் அதைச் சொல்லும்போது ஐயாவுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்.

தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரப் பெரிய துரையைப் பற்றிச் சொல்லவேண்டும். உயரமான மனிதர், தனியாள். யுத்தத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று நின்று காதுக்குள்ளே நிரந்தரமாக ஒரு விசில் ஊதிக்கொண்டிருந்தது அவருக்கு. அதனால் இன்னொரு சத்தம் கூடச் சேர்வதைப் பொறுக்கமாட்டார். பங்களாவில் கடிகாரம் கிடையாது. சமையற்காரர் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து தேங்காய் துருவுவார். பங்களாவின் தலைமை வேலையாள் மார்ட்டின் அப்பு, கால் தரையில் படுகிறதா என்று சந்தேகப்படும்படி நடப்பார். துரை தமிழ் பேசுவார். வேலை வாங்குவதற்கென்றே கற்ற தமிழ் அது. 'வா', 'போ', 'ஏன் இல்லை', 'சுருக்கா சொல்லு' என்பவற்றைத் தாண்டி அதில் அதிகம் இராது. அந்தத் தமிழை மனிதர்களிடம் எப்படிப் பேசுவாரோ அப்படியே நாயிடமும் பேசுவார். பிறகு மீனிடமும் பேசினார்.

மீன் வந்தது இப்படி. ஒருமுறை திருகோணமலைக்கு விடுமுறைக்குப் போனவர், கரையோரத்துப் பவளப்பாறைக்கு மேலே படகில் கவிழ்ந்து படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் காதில் விசில் கேட்கவில்லையாம். இதை அவரே என்னிடம் ஒருநாள் ஆங்கிலத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். திரும்பி வந்ததும் பங்களா வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி கட்ட ஆள் வந்தது. பெரிய சாராயப் பீப்பாய்களில் கடல் தண்ணீர் ரயிலேறி நானுஓயாவுக்கு வந்து, அங்கிருந்து தோட்டத்து லொறியில் ஏறியது. மலைக்குச் சமுத்திரம் வருகிறது என்று பார்க்க லயத்து ஆட்கள் ரோட்டில் நின்றார்கள். குடியுரிமைச் சட்டம் வந்து, எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக் கணக்கிலும் சேராமல் நின்ற காலம் அது. மீன்களுக்கோ எங்கே ஏறின, எங்கே இறங்கின என்று ரயில்வே ரசீது இருந்தது. கணக்கப்பிள்ளை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்மள விட மீனுக்கு ரெக்கார்டு சுத்தமா இருக்கு" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

தொட்டியைக் கணப்பு அடுப்பின் புகைபோக்கிச் சுவரோடு ஒட்டி வைத்தார்கள். அடியில் ஒரு கற்பலகை. குளியலறைக்குப் போகும் வெந்நீர்க் குழாய் அந்தப் பலகைக்குக் கீழே ஓடியதால் எங்கள் குளிரிலும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதெல்லாம் சரிதான். தண்ணீரை அசைக்கக் கொழும்பிலிருந்து வந்த பித்தளைப் பம்புதான் கெடுத்தது. அது வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. துரை பஞ்சு வைத்துக் காதை அடைத்துக்கொண்டார். பிறகு பித்தளை உப்புத் தண்ணீரில் கரைந்து விஷமாகி, பூப்போல விரிந்திருந்தவை எல்லாம் சுருங்கின. சில மீன்கள் மல்லாந்தன. துரை பம்பைத் தன் கையாலேயே கழற்றி ஜன்னல் வழியாக எறிந்தார். அது விழுந்த சத்தம்தான் அந்தப் பங்களாவிலிருந்து நான் கேட்ட பெரிய சத்தம். அடுத்த நாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

காலையில் கூப்பிட்டால் பெரட்டு நேரத்தில் போய் நிற்கவேண்டும். பெரட்டு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடியலில் தப்பு மேளம் அடித்ததும் ஆட்கள் எல்லோரும் களத்தில் வந்து வரிசையாய் நிற்க, பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது பெரட்டு. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பிந்தி வந்தால் அரைப் பேர், கூலியும் பாதி. துரை களத்துக்கு இறங்குவதற்கு முன்னால் வீட்டுக்குள்ளேயே ஒரு பெரட்டு வைத்தார். தொட்டிக்கு முன்னால் காலை அகட்டி நின்று, கையில் தடியோடு, ஒவ்வொரு மீனாகக் கூப்பிட்டுப் பார்ப்பார். பாறைக்கு மேலே எந்த வேலையும் செய்யாமல் மற்றவற்றை விரட்டிக்கொண்டு திரியும் பெரிய மீனுக்குக் 'கங்காணி' என்று பேர். கடற்பூவுக்குள்ளே ஒட்டிக்கொண்டு வெளியே வராத ஆரஞ்சு நிறச் சோடிக்கு 'மாப்பிள்ளை, பொண்ணு'. வெளியே வந்து முகம் காட்டினால் முழுப் பேர். பாறைக்குள் ஒளிந்திருந்தால், "இது சோம்பேறி. அரைப் பேரு போடு" என்பார். மார்ட்டின் அப்பு முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் "சரி மாத்தயா" என்று சிங்களத்தில் ஐயா போடுவார். அந்தப் பெரட்டு முடியும்வரை யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது. முடிந்தபின் சொல்லலாம், ஒரே வாக்கியத்தில். இரண்டாவது வாக்கியத்துக்கு அவர் இருக்கமாட்டார்.

அன்று அவர் சொன்னதும் ஒரே வாக்கியம்தான். தண்ணீர் ஓடவேண்டும், உலோகம் படக்கூடாது, சத்தம் வரக்கூடாது.

நான் பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். வரைந்தேன், கிழித்தேன். கடைசியில் பிடிபட்டது இதுதான். மலையிலிருந்து குழாயில் இறங்குகிற தண்ணீர், மேல்வாயில் சின்ன ஓட்டைகள் இருந்தால், காற்றையும் விழுங்கிக்கொண்டு இறங்கும். கீழே மூடிய பீப்பாய் ஒன்றில் விழவிட்டால் தண்ணீர் அடிவழியாக வெளியேறும், காற்று மேலே தங்கும். வெளியேறும் குழாயை இடுப்பளவுக்கு மேலே வளைத்துவிட்டால் உள்ளே சிக்கிய காற்றுக்கு அழுத்தம் பிடித்துவிடும். அந்தக் காற்றை மெல்லிய ரப்பர்க் குழாயில் பங்களாவுக்குக் கொண்டுவந்து, தொட்டிக்குள் நிறுத்திய கண்ணாடிக் குழலின் அடியில் விட்டால், குமிழி ஏறும்போது கடல் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு ஏறும். பம்பு இல்லை, பித்தளை இல்லை. மலைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றையொன்று தொடுவதும் இல்லை. இடையில் காற்று மட்டும் தூது போகிறது.

இரண்டு கண்ணாடிக் குழலும் ரப்பர்க் குழாயும் தோட்டத்து மருந்துக்கார ஐயாவிடம் வாங்கினேன். அந்த ரப்பர்க் குழாய் அவரிடம் என்ன உபயோகத்துக்கு இருந்தது என்பதைத் துரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மார்ட்டின் அப்புவுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை தொட்டியைத் துடைக்கும்போதும் அந்தக் குழாயைப் பார்த்து, "அனே, பெரிய எடத்துக்கு வந்துட்டே" என்பார்.

முதல் நாள் விட்டுப் பார்த்தபோது தொட்டி ஓடியது. ஆனால் பெரிய பெரிய குமிழியாக வந்து, யாரோ தொண்டைக்குள் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பது போலச் சத்தம். துரை எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். குமிழியைப் பொடியாக்கவேண்டும். துணி கட்டினேன், கரி வைத்தேன், சரிவரவில்லை. கடைசியில் பிரம்பு. பிரம்பைக் குறுக்கே வெட்டினால் உள்ளே நூல் நூலாய்த் துவாரங்கள் இருக்கும். அதன் வழியாகக் காற்றை விட்டால் பால் கலந்தது போலப் புகைமாதிரிக் குமிழி எழும், சத்தமே இராது. நல்ல முற்றிய பிரம்பு தோட்டத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியாரிடம் துரையின் உத்தரவு என்று கேட்டு வாங்கினேன். புதுப் பிரம்பு கண்டியிலிருந்து வருவதற்கு நாளானது. அதுவரை எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பாடம் படிக்காமல் என்னை வாழ்த்தினார்கள்.

தண்ணீர் ஓடினால் மட்டும் போதாது, எங்கே ஓடுகிறது என்று தெரியவேண்டும். கொழுந்து வாட்டுகிற மாடியில் ஒரு மூலைக்குக் காற்று போகாவிட்டால் அந்த மூலைக் கொழுந்து புளித்து முழு அரைப்பையும் கெடுத்துவிடும். தொட்டியும் அப்படித்தான். பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் அழுக்கு அங்கே தங்கி நாறும். அதனால் மீனையும் கடற்பூவையும் பவளத்தையும் புதுக் கடல் தண்ணீர் வந்த பீப்பாய்களுக்கு மாற்றி, தொட்டியைக் காலிசெய்து, கடல் தண்ணீரை ஊற்றுமுன் நல்ல தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை தேயிலைத் தூளைத் தூவி, அது எந்தப் பக்கம் சுற்றுகிறது, எங்கே படிகிறது என்று பார்த்தேன். படிந்த இடத்தில் பாறையை நகர்த்தினேன். பாறைக்கு அடியில் கூழாங்கல் வைத்துத் தூக்கி, அடியிலும் தண்ணீர் போக வழி செய்தேன். கண்ணாடிக் குழல் இரண்டையும் எதிரெதிர் மூலையில் நிறுத்தி, வாயைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே வளைத்துவிட்டேன். மேலே விழுந்தால்தானே சலசலக்கும். தூள் எங்குமே படியாமல் முழு வட்டம் சுற்றி வந்த அன்று துரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது நல்ல டீ" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நகைச்சுவை அது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உத்தியோக முகத்தோடு நின்றேன்.

காற்றுப் பீப்பாயை எங்கே வைப்பது என்பதைத் துரைதான் தீர்மானித்தார். பங்களா ஒரு மேட்டின் தலையில் இருந்தது. முன்பக்கச் சரிவு, வரவேற்பறை ஜன்னலோரம் அவர் உட்காரும் நாற்காலிக்கு நேர் கீழே, அங்கே குழாய் போட்டால் தண்ணீர் விழும் சத்தம் ஏறி வரும். தடியால் பின்பக்கத்தைக் காட்டி, "அங்கே போடு" என்றார். பின்பக்கம் நல்ல சரிவு. தண்ணீர் வேகமாக இறங்கி, காற்றைக் கொடுத்துவிட்டு, ஓடையில் விழுந்து போய்விடும். சத்தம் ஒரு துளி இல்லை.

மழை இருந்தவரை ஒரு குறையும் இல்லை. கடற்பூக்கள் மறுபடி விரிந்தன. துரை காதில் இருந்த பஞ்சை எடுத்தார். பங்களாவில் முதல்முறையாக அவர் சீட்டியடித்ததை மார்ட்டின் அப்பு கேட்டிருக்கிறார்.

பிறகு மாசி வந்தது. அந்த வருடம் வெயில் கடுமை. மலையுச்சித் தொட்டியிலிருந்து வரும் ஒரே குழாய்தான் முதலில் பங்களாவுக்குத் தண்ணீர் கொடுத்து, பிறகு முன்பக்கச் சரிவு வழியாக லயத்துப் பீலிக்குப் போகும். பீலி என்றால் லயத்து ஆட்கள் எல்லோரும் குடிக்க, குளிக்க, பாத்திரம் கழுவத் தண்ணீர் பிடிக்கிற இடம். பங்களாவில் பாதித் தண்ணீரை மீனுக்காகப் பின்பக்கம் திருப்பி ஓடையில் கொட்டினோம். மழைக்காலத்தில் அது தெரியவில்லை. மாசியில் பீலித் தண்ணீர் மெலிந்து மெலிந்து பூணூல் மாதிரி ஆனது. ஒரு குடம் நிறையுமுன் ஒரு குடும்பச் சண்டை முடிந்து இன்னொன்று தொடங்கிவிடும். பெண்கள் இருட்டோடு வந்து வரிசையில் நின்றும், தப்பு அடிக்கும்போது பாதிப் பேருக்குத் தண்ணீர் கிடைத்திருக்காது. பிந்தித்தான் பெரட்டுக்கு ஓடிவருவார்கள். கணக்கப்பிள்ளை சட்டப்படி அரைப் பேர் போட்டார். பிந்தி வந்தவர்கள் கொழுந்து பறிக்க எல்லாவற்றிலும் தூரமான கடைசி மலைக்கும் போகவேண்டும். அம்மாவுக்கும் அதுவே.

நான் உத்தியோகத்தர் வீட்டில் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட லயத்துக்குப் போவேன். அன்று அம்மா தட்டில் சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எஞ்சின் ஐயா, ஒன்னு கேக்கலாமா."

"என்னாம்மா."

"ஒன் மீனுக்கு என்னா பேரு போடுறாங்க?"

நான் விளையாட்டாக, முகம் காட்டினால் முழுப் பேர் என்றேன்.

"அதானே. பங்களாவுல நீந்திக்கிட்டு இருக்கறதுக்கு முழுப் பேரு. மலையில கொழுந்து எடுக்கறவளுக்கு அரைப் பேரு. பள்ளிக்கூடத்துல இதத்தான் படிச்சியா ராசா?"

குழம்பை ஊற்றினார். அதில் மீன் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினார்.

மறுநாள் மார்ட்டின் அப்புவுக்கு மட்டும் சொல்லிவிட்டு, பின்பக்க வால்வைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துப் பீலிக்கு ஓடினேன். நூல் கயிறானது. பெண்கள் என்னைப் பார்த்தார்கள். திரும்பப் பங்களாவுக்கு ஓடினேன். கடற்பூக்கள் வாயை மூடத் தொடங்கியிருந்தன. மார்ட்டின் அப்பு தொட்டிக்கு முன்னால் நின்று கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார், தொட்டிக்குத்தான். வால்வைத் திறந்தேன். இங்கே திறந்தால் அங்கே இல்லை. அங்கே கொடுத்தால் இங்கே இல்லை.

வழி ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியும். இந்த ஏற்பாட்டில் தண்ணீர் செலவாவதே இல்லை. உயரத்தில் இருந்து இறங்குகிறது, அவ்வளவுதான். தொழிற்சாலைச் சக்கரத்தைச் சுற்றிய தண்ணீரை நாங்கள் விட்டுவிடுகிறோமா? அதுவே கீழே போய் மற்ற வேலைக்கு ஆகிறது. அதுபோல் காற்றுப் பீப்பாயைப் பின்பக்கத்திலிருந்து பெயர்த்து முன்பக்கச் சரிவில் வைத்தால், மீனுக்கு வேலை செய்த அதே தண்ணீர் ஒரு துளி குறையாமல் பீலிக்கு இறங்கும். ஆனால் அது துரையின் நாற்காலிக்கு நேர் கீழே. சத்தம் அவருடைய காதுக்கு வரும். அந்தக் காதுக்காகத்தானே இவ்வளவும். இதை ஒரே வாக்கியத்தில் எப்படிச் சொல்வது? எஞ்சின் அறையில் கரித்துண்டால் சுவரில் எழுதி எழுதிப் பார்த்தேன். எஞ்சின் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, கல்யாணக் கடிதமா ஐயா என்றார்.

மறுநாள் காலை மீன் பெரட்டில் போய் நின்றேன். கங்காணி வந்தது. மாப்பிள்ளையும் பொண்ணும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு நீல மீன் மட்டும் வரவில்லை, துரை அதற்கு அரைப் பேர் போட்டார். பிறகு தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "என்ன சமாச்சாரம்? சுருக்கா சொல்லு" என்றார்.

சுவரில் எழுதிய வாக்கியம் மறந்துபோயிற்று.

"பொம்பளையாளுங்க பெரட்டுக்குப் பிந்தி வர்றது இந்த மீனாலதாங்க துரை."

துரை தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கங்காணியையும் ஒருமுறை பார்த்தார். இரண்டாவது வாக்கியத்துக்கு அவர் இருக்கமாட்டார் என்றேன் அல்லவா, இருக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். களத்துக்குப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முன்பக்கச் சரிவில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, நேராகப் பீலியை நோக்கி இறங்கினார். நானும் பின்னால் சறுக்கிக்கொண்டு போனேன். கணக்கப்பிள்ளை களத்தில் நின்று பார்த்துவிட்டு, என்ன ஏது என்று தெரியாமல் அவரும் ஓடிவந்தார்.

துரை பீலிக்கு வந்ததை லயம் பார்த்ததே இல்லை. வரிசையில் நின்ற பெண்கள் தலைக் கம்பளியைச் சரிசெய்துகொண்டு அப்படியே நின்றார்கள். துரை பீலி வாயில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் முழுதும் நனையவில்லை. நான் ஆங்கிலத்தில், மேலே மீனுக்குத் திருப்பிய தண்ணீர்தான் இங்கே குறைகிறது என்று விளக்கத் தொடங்கினேன். வரிசையில் முதலாவதாக நின்றது என் அம்மா. குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே சொன்னார்:

"தொரைங்களே, ஒங்க மீனு தண்ணிக்குள்ளதானே இருக்கு. அதுக்கு எங்க தண்ணியும் எதுக்குங்க?"

அந்த அம்மாவின் மகன்தான் எஞ்சின் ஐயா என்பது துரைக்குத் தெரியுமா என்று அந்த நேரத்தில் என் மனம் கணக்குப் போட்டது. தெரியும்போலத்தான் இருந்தது, ஏனென்றால் அவர் என் மூக்கையும் அம்மாவின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளையிடம் திரும்பினார்.

"இன்னைக்கு எல்லாம் முழுப் பேரு. மீனுக்கு அரைப் பேரு போடு."

கணக்கப்பிள்ளை பழக்கதோஷத்தில் "சரிங்க தொர" என்று பென்சிலை எடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து காலையில் பெண்கள் தண்ணீர் பிடித்து முடியும்வரை மீன் பக்கத்து வால்வு மூடியே கிடந்தது. கடற்பூக்கள் சுருங்கிக் கிடந்துவிட்டு, திறந்ததும் மெல்ல விரியும். இப்படிப் பாதி நாள் ஓட்டத்தில் அவை எவ்வளவு காலம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை சோர்ந்து போய்ப் பொண்ணின் மேல் சாய்ந்திருந்தது. அப்போதுதான் முன்பக்கச் சரிவுத் திட்டத்தை, இந்த முறை வரைபடத்தோடு, துரையிடம் வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். செய், ஆனால் என் நாற்காலியில் இருந்து எனக்கு அது கேட்டால் மறுபடி பின்பக்கத்துக்கே போகும் என்றார். அதாவது, சத்தம் வந்தால் லயத்துக்குத் தண்ணீர் இல்லை. இவ்வளவு தெளிவாக ஒரு வேலை எனக்குப் பிறகு எப்போதும் வந்ததில்லை.

குழாய் போகும் வழியைப் பெண்களே வெட்டினார்கள். கான் என்கிற வாய்க்கால் வெட்டுவது ஆண்கள் வேலை என்று கணக்கப்பிள்ளை இழுத்தார். குடம் தூக்குவது யார் வேலை என்று யாரோ கேட்டார்கள், அவர் மண்வெட்டியைக் கொடுத்தார். பள்ளத்தில் குழாயை இறக்கி மண் போட்டு மிதித்தோம். பீப்பாயையும் மண்ணுக்குள் புதைத்தோம். வெளியேறும் வாயைப் பீலித் தொட்டியின் தண்ணீருக்கு அடியிலேயே விட்டோம், விழுகிற சத்தம் வராதபடிக்கு. முதல்முறை திறந்தபோது எல்லாம் அமைதி, ஒன்றைத் தவிர. மேலே காற்றை விழுங்கும் வாய் சப்புக்கொட்டியது. தட்டில் டீயை ஊற்றி உறிஞ்சுகிற தாத்தா ஒருவரைப் புதரில் ஒளித்து வைத்ததுபோல் இருந்தது. நல்லவேளை, துரை அப்போது தொழிற்சாலையில் இருந்தார்.

உடனே மூடினேன். அங்கேயே உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி மண்வெட்டியோடு பெண்கள். ஒருத்தி, தலையணையை வைத்து அமுக்கிடுங்க ஐயா என்றாள். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, தலையணை என்றதும் வேறொன்று தோன்றியது. தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் அறையில் பஞ்சு மாதிரித் தூசி பறந்து மூலையில் குவியும். அந்த அறைக்குள் பஞ்சுத் தூசி குவிந்த பக்கம் நின்றால் இயந்திரச் சத்தமே மங்கிக் கேட்கும். ஒரு தேயிலைப் பெட்டியை எடுத்து, அந்தப் பஞ்சை நிரப்பி, நடுவில் காற்றுப் போக வளைந்து வளைந்து ஒரு வழி விட்டு, உறிஞ்சும் வாய்க்குமேல் கவிழ்த்து வைத்தேன். ஏற்றுமதிக்குப் போடுகிற அதே பெட்டி. மேலே தோட்டத்தின் முத்திரை. சத்தத்தைப் பொதிசெய்து அனுப்பத் தயாராய் வைத்திருப்பது போல இருந்தது.

சாயங்காலம் துரை வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தார். நான் சரிவில் வால்வுக்குப் பக்கத்தில். மார்ட்டின் அப்பு ஜன்னலோரத்தில், தேவைப்பட்டால் எனக்குக் கை காட்ட. கீழே பீலியடியில் லயத்துப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, தாங்களாகவே வந்திருந்தார்கள். துரைக்கு எதுவும் கேட்டுவிடக் கூடாதென்று கைக்குழந்தையின் வாயைக்கூடப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அந்தப் பீலியில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

வால்வைத் திறந்தேன். குழாய் மண்ணுக்குள் லேசாக நடுங்கியது. பெட்டியில் காதை வைத்தேன், ஒன்றுமில்லை. மேலே ஜன்னலில் மார்ட்டின் அப்பு கை காட்டவில்லை. கீழே பீலித் தொட்டியில் தண்ணீர் ஏறி, வாயில் வந்து, கட்டைவிரல் பருமனில் கொட்டத் தொடங்கியது. பெண்கள் அப்போதும் பேசவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, குடத்தின் வாயைச் சாய்த்துச் சத்தமில்லாமல் பிடித்தார்கள்.

நெடுநேரம் கழித்துத் துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். தொட்டிக்குள் கடற்பூ உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது. மாப்பிள்ளை நிமிர்ந்து நின்றது. துரை பத்திரிகையை மடித்துக்கொண்டு, "எப்போ தொறப்பே?" என்று கேட்டார்.

திறந்து வெகுநேரம் ஆகிவிட்டது என்றேன். அவர் காதில் கையை வைத்து மறுபடி கேட்டுப் பார்த்தார். தலையாட்டினார். அவ்வளவுதான் பாராட்டு.

அதே நேரம் கீழே அம்மாவின் குடம் நிறைந்துவிட்டது போலிருக்கிறது. யாரோ முந்திக்கொண்டு குடத்தை வைத்திருக்கவேண்டும். அடக்கி வைத்திருந்த அத்தனை பேச்சும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தது. யார் முதலில் வந்தது, யார் வீட்டில் எத்தனை வாளி, யாருடைய மருமகள் எப்படி என்று சரிவெல்லாம் ஏறி, ஜன்னல் வழியாக நேரே வரவேற்பறைக்குள் வந்தது. அதற்கு நடுவில் என் அம்மாவின் குரல் தனியாகத் தெரிந்தது. மார்ட்டின் அப்பு ஜன்னலைச் சாத்த ஓடினார். துரை தடியால் அவரை நிறுத்தினார். காதைத் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பெட்டி போட முடியுமா?" என்றார்.

"அதுக்குப் பெட்டி இல்லீங்க துரை" என்றேன்.

ஜன்னல் திறந்தே இருக்கட்டும் என்று அவர் அப்புவிடம் சொன்னார். அவர் சீமைக்குத் திரும்பிப் போகும்வரை அந்த வேளையில் அது திறந்துதான் இருந்தது. மீன்களைக் கொழும்பில் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள், மறுபடி ரசீதோடு. தொட்டி உடைந்துபோனது. குழாயும் பீப்பாயும் இன்னும் மண்ணுக்குள்ளேதான் இருக்கின்றன. பீலியில் தண்ணீர் வருகிறது, சத்தமும்தான்.